டிரையர் சுத்துது, ஆனா சூடாகலையா?

மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு மாதிரியும், மழைக்காலம் வந்த பிறகு வேற மாதிரியும் தெரியுற பொருள் ஒண்ணு உண்டு. துணி உலர்த்துற டிரையர்தான் அது. சித்திரை வெயிலில் மொட்டை மாடிக் கொடியில் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் மொறமொறன்னு காஞ்சிடும். அப்போ இந்த இயந்திரத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். ஐப்பசி பிறந்து, வானம் மூணு நாள் மூடிக்கிட்டா, வீட்டில் எல்லாரும் அது முன்னாடிதான் நிற்போம். அந்த நேரம் பார்த்து அது சூடாகாமல் போனால் என்ன பார்க்கணும், யாரைக் கூப்பிடணும், எதை மட்டும் செய்யவே கூடாது என்பதுதான் இந்தப் பேச்சு. கைப்பேசியில் கேட்பவர்களுக்காகப் பேசினது, படிப்பவர்களுக்காக இங்கே எழுத்தாகவும் வருது.

இது எங்க வீட்டு விஷயம் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். சென்னையில் வாடகை வீடு, இரண்டாவது மாடி. அப்பத்தா இடுப்பு எலும்பு முறிஞ்சு ஒரு வருஷமாகப் படுக்கையில் இருக்காங்க. ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு படுக்கை விரிப்பு மாறும். ஈரம் அடியில் தங்கினால் படுக்கைப் புண் வரும், வந்துட்டா ஆறுவது கஷ்டம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் தவணையில் ஒரு டிரையர் வாங்கினோம். ஆடம்பரத்துக்கு இல்லீங்க. போன நவம்பரில் ஒரு ராத்திரி அம்மா மெஷினைத் திறந்து கையை விட்டுப் பார்த்தாங்க. டிரம் ஒரு மணி நேரமாகச் சுத்தியிருக்கு. துணி ஜில்லுன்னு இருக்கு.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி ஒண்ணு கேட்கிறேன். உங்க வீட்டில் இருப்பது எந்த டிரையர்? நம்ம ஊரில் இந்த ஒரே பெயரில் மூணு, நாலு பொருள் இருக்கு. செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் பக்கத்தில் இருக்கிற சின்னத் தொட்டியையும் டிரையர் என்றுதான் சொல்கிறோம். அதில் ஹீட்டரே கிடையாது. வேகமாகச் சுத்தித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும், அவ்வளவுதான். மேலே திறக்கிற ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷின் பலவற்றில் 'ஏர் டிரை' என்று ஒரு பட்டன் இருக்கும். அதுவும் வெளிக்காற்றை உள்ளே இழுத்துச் சுத்துவதுதான், சூடு கிடையாது. இந்த இரண்டுக்கும் 'சூடாகல' என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வந்து போன கூலிதான் நஷ்டம். எங்க மாடியிலேயே ஒரு வீட்டில் அப்படி நடந்திருக்கு.

உண்மையாகவே சூடாகிற வகைகள் மூணு. சூடான ஈரக் காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிற தனி டிரையர் ஒண்ணு. ஈரத்தை உள்ளேயே தண்ணீராக மாற்றித் தொட்டியில் சேர்க்கிற கண்டென்சர் வகை ஒண்ணு, ஹீட் பம்ப் என்று விற்பதும் இந்தக் குடும்பம்தான். துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே டிரம்மில் நடக்கிற வாஷர் டிரையர் மூணாவது. ஹீட் பம்ப் வகையில் சூடு இயல்பிலேயே மிதமாகத்தான் இருக்கும், நேரம் கூட எடுக்கும். முன்னாடி ஹீட்டர் டிரையர் வைத்திருந்தவர்களுக்கு இது 'சூடு பத்தல' என்று தோணும். அது பழுது இல்லை. வாஷர் டிரையர் வைத்திருப்பவர்கள் குழாயைப் பாருங்க. ஈரக் காற்றைக் குளிர வைக்கப் பல மாடல்களில் தண்ணீர் வேணும். துவைத்து முடிஞ்சாச்சு என்று குழாயை மூடிவிட்டால் உலர்த்தல் ஒழுங்காக நடக்காது. இன்னொண்ணு, அதில் துவைக்கிற அளவு வேற, உலர்த்துற அளவு வேற. எட்டு கிலோ என்று முன்னால் ஒட்டியிருப்பது துவைப்பதற்கு. உலர்த்த அதைவிடக் குறைவாகத்தான் போடணும். கையேட்டில் எவ்வளவு என்று இருக்கும்.

டிரம் சுத்துது, சூடு மட்டும் இல்லை என்றால் ஏன்? டிரம்மைச் சுத்துவது மோட்டார். சூடு தருவது ஹீட்டர் காயில். இரண்டுக்கும் மின்சாரம் தனித்தனி வழியில் போகுது. அதனால் ஹீட்டர் வழி எங்கேயாவது அறுந்தாலும் மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். ஹீட்டர் வழியில் காவலுக்கு ஆள் இருக்கு. தெர்மோஸ்டாட் என்பது சூடு ஏறினால் நிறுத்தி, இறங்கினால் திரும்பக் கொடுக்கும். அதையும் மீறி எல்லை தாண்டினால், தெர்மல் ஃபியூஸ் அல்லது கட் அவுட் என்று சொல்கிற சின்னப் பாகம் மொத்தமாக அறுத்துவிடும். விரல் நீளம்கூட இருக்காது. இந்தச் சின்னப் பாகத்தைப் பற்றித்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் அதிகமாகப் பேசப் போகிறேன்.

முதலில் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் பார்க்கக்கூடியவை. எந்த புரோகிராமில் இருக்கு என்று பாருங்க. சூடு இல்லாமல் வெறும் காற்றில் சுத்துகிற புரோகிராம் பல மெஷின்களில் ஒண்ணு இருக்கும், குழந்தைகள் கை பட்டு மாறியிருக்கலாம். எந்த புரோகிராமாக இருந்தாலும் கடைசிச் சில நிமிஷம் துணி ஆற வேண்டும் என்பதற்காக ஹீட்டரை அதுவே நிறுத்திக்கும். அந்த நேரத்தில் திறந்து கையை வைத்துப் பார்த்துவிட்டு 'சூடே இல்லை' என்று முடிவு கட்டாதீங்க. ஆரம்பித்துப் பத்து நிமிஷம் கழித்துப் பாருங்க. துணி சொட்டச் சொட்ட இருந்தால் எந்த டிரையரும் திணறும், வாஷிங் மெஷினில் இன்னொரு தடவை பிழிந்து போடுங்க.

அப்புறம் பஞ்சு. துணியிலிருந்து உதிர்கிற நூல் பஞ்சு ஃபில்டரில் ஒரு மெத்தை மாதிரி படியும். ஒவ்வொரு தடவையும் எடுத்துவிடணும், வாரத்துக்கு ஒரு தடவை இல்லை. பஞ்சை எடுத்த பிறகும் ஒரு சோதனை செய்து பாருங்க. ஃபில்டரைக் குழாயடியில் காட்டுங்க. தண்ணீர் வலை வழியாக உடனே இறங்கினால் நல்லது. வலை மேலேயே குளம் கட்டி நின்றால், துணி மென்மைக்குப் போடுகிற பொருளின் பிசுக்கு கண்ணுக்குத் தெரியாமல் அடைச்சிருக்கு என்று அர்த்தம். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்க. கண்டென்சர் வகையில் கீழே ஒரு சின்னக் கதவு இருக்கும். அதற்குள்ளேயும் பஞ்சு சேரும். தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கா என்பதையும் பார்த்துவிடுங்க. குழாய் வகையாக இருந்தால் மெஷினுக்குப் பின்னால் போய்ப் பாருங்க. குழாய் மடங்கியிருக்கா, நசுங்கியிருக்கா, வெளிவாயில் பல்லி, புறாக் கூடு ஏதாவது இருக்கா? கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் புறாவுக்கு நம்ம பால்கனியை விட நல்ல இடம் கிடையாது.

காற்றோட்டம் இவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். ஹீட்டரின் சூட்டைத் துணிக்குக் கொண்டு போவது காற்றுதான். காற்று ஓடவில்லை என்றால் சூடு ஹீட்டரைச் சுற்றியே தேங்கும். காவல்காரர் எழுந்து மின்சாரத்தை அறுப்பார். ஆக, 'சூடாகல' என்கிற புகாருக்குப் பின்னால் பல நேரம் இருப்பது 'அளவுக்கு மீறிச் சூடாச்சு' என்கிற சம்பவம். இது நேராக நடப்பதில்லை, முன்னாடியே தெரியும். எங்க வீட்டில் நாற்பது நிமிஷத்தில் காய்ந்த துணி ஒரு மணி நேரம் ஆச்சு, அப்புறம் ஒன்றரை மணி நேரம் ஆச்சு. மழை, காற்றிலேயே ஈரம் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கிட்டோம். நேரம் கூடிக்கிட்டே போனால் அன்றைக்கே மெஷினின் பின்பக்கத்தைப் பாருங்க.

மின்சாரம் பக்கம் வருவோம். 2000 வாட் ஹீட்டர் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். டிவி, ஃபேன் போடுகிற 6 ஆம்பியர் சின்ன பாயிண்டில் இதைப் போடவே கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் கூடாது. எர்த் உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக் வேணும். பிளக்கைப் பிடுங்கிப் பாருங்க. பின் பக்கத்தில் பழுப்பு நிறம், உருகின வாசம் இருந்தால் அந்த பாயிண்டை மாற்றும்வரை மெஷினைப் போடாதீங்க. இன்னொண்ணு, வோல்டேஜ். சாயங்காலத்தில் லைட் மங்குகிற தெருவில் இருப்பவர்களுக்கு இது தெரியும். ஹீட்டரின் திறன் வோல்டேஜோடு நேர் விகிதத்தில் குறையாது, வர்க்கமாகக் குறையும். 230 வோல்ட் 180 ஆக இறங்கினால் அந்த 2000 வாட் ஹீட்டர் சுமார் 1225 வாட்தான் தரும். மோட்டார் சுத்தும், துணி காயாது. அதற்கு மெக்கானிக் தேவையில்லை. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கிட்டு அழைத்து 'குறைந்த மின்னழுத்தம்' என்று பதிவு செய்யுங்க, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்குங்க.

யூடியூப் பார்த்துப் பழுது பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த விஷயத்தில் கிடைக்கிற வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளுக்கானவை. அங்கே மின்சார டிரையருக்கு 240 வோல்ட் கொடுப்பது 120 வோல்ட் கம்பி இரண்டைச் சேர்த்து. மோட்டார் ஒரு கம்பியில் ஓடும், ஹீட்டருக்கு இரண்டும் வேணும். பிரேக்கரில் ஒரு பாதி விழுந்தால் டிரம் சுத்தும், சூடு வராது. அதனால் 'முதலில் பிரேக்கரைத் தட்டிப் பாருங்கள்' என்று அவர்கள் சொல்வது அங்கே சரி. நம்ம வீட்டில் 230 வோல்ட் ஒரே லைன். பிரேக்கர் விழுந்தால் டிரம்மும் நிற்கும். அங்கே எரிவாயுவில் ஓடுகிற டிரையரும் உண்டு. அந்த வீடியோவைப் பார்த்து இங்கே கவரைக் கழட்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். அப்பா கைப்பேசியில் கம்பெனி பெயரோடு 'கஸ்டமர் கேர்' என்று போட்டுத் தேடினார். முதலில் வந்த எண்ணை அழைத்தார். மறுநாள் காலையில் ஒருவர் வந்தார். கம்பெனி ஆள் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பின் கவரைக் கழட்டி, மீட்டர் வைத்துப் பார்த்து, "தெர்மல் ஃபியூஸ் போயிடுச்சு சார். இந்த மாடலுக்கு ஸ்பேர் வர பத்து நாள் ஆகும். வேணும்னா டைரக்ட் கொடுத்துடலாம், இப்பவே சூடாகும்" என்றார்.

டைரக்ட். நம்ம ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை. மோட்டார் ஸ்டார்ட்டரா, ஃப்ரிட்ஜா, கெய்சரா, பாகம் போச்சா, வயரை நேராக முறுக்கி விடு, ஓடும். உள்ளே அப்பத்தா படுத்திருக்காங்க, பால்கனியில் நாலு விரிப்பு ஈரமாகத் தொங்குது, வெளியே மழை. அப்பா 'சரி' என்று சொல்ல வாயெடுத்ததை நான் பார்த்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. அந்த நிமிஷம் நானும் சரி என்றுதான் நினைத்தேன்.

அம்மாதான் கேட்டாங்க. "தம்பி, அது எதுக்காகப் போச்சு?"

அவரிடம் பதில் இல்லை. பதில் எங்க கண்ணு முன்னாடியே இருந்தது. மழைச் சாரல் மெஷின் மேல் அடிக்குது என்று அக்டோபரில் அப்பா அதைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருந்தார். பின்னால் இருந்த குழாய் மடங்கி நசுங்கிப் போயிருந்தது. உள்ளே பஞ்சு ஈரத்தில் ஊறி, கையில் எடுத்தால் களிமண் மாதிரி உருண்டை உருண்டையாக வந்தது. காற்று போக வழியே இல்லை. இந்த நிலையில் ஃபியூஸை டைரக்ட் பண்ணியிருந்தால், மடங்கின குழாயும் அடைத்த பஞ்சும் அப்படியே இருக்க, ஹீட்டரை நிறுத்தக் கடைசியாக இருந்த ஆளும் போயிருப்பார். காய்ந்த பஞ்சு தீப்பற்ற அதிக நேரம் ஆகாது. எழுந்து ஓட முடியாத ஒருவர் பத்தடி தூரத்தில் படுத்திருக்கிறார்.

அவரை அனுப்பிவிட்டோம். வந்து பார்த்ததற்கு 499 ரூபாய் கேட்டார், யு.பி.ஐ.யில் கொடுத்தோம். பில் கேட்டதற்கு, "ரிப்பேர் பண்ணலையே சார், பில் எதுக்கு?" என்றார்.

பிறகு கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த எண்ணை அழைத்தோம். ஐந்தாம் நாள் ஆள் வந்தார். அந்த நாலு நாளும் ஃபேனுக்குக் கீழே கயிறு கட்டி, இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்துத்தான் விரிப்பைக் காய வைத்தோம். அது சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வந்தவர் குழாயை மாற்றி, உட்புறப் பஞ்சை எடுத்து, ஃபியூஸை மாற்றினார். பழைய ஃபியூஸைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். சில மாடல்களில் ஃபியூஸுக்குப் பதில், கையால் அமுக்கித் திரும்ப இயங்க வைக்கிற சின்ன பட்டன் இருக்கும் என்று அவர் சொன்னார். அப்படி இருந்தாலும் அடைப்பை எடுக்காமல் பட்டனை மட்டும் அமுக்கினால் திரும்பத் திரும்ப விழும்.

மெக்கானிக் வரும்போது பக்கத்தில் நில்லுங்க. 'ஹீட்டர் காயில் போச்சு' என்று சொன்னால் மீட்டரில் காட்டச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை. பிளக்கைப் பிடுங்கி, காயிலின் ஒரு வயரைக் கழட்டிவிட்டு அளக்கணும். 2000 வாட் காயில் நன்றாக இருந்தால் 26 ஓம் பக்கம் காட்டும். அறுந்திருந்தால் மீட்டர் எதுவும் காட்டாது. நல்ல ஃபியூஸ் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். இதை நீங்களே கவரைக் கழட்டிச் செய்யணும் என்று நான் சொல்லவில்லை. மின்சார வேலை தெரியாதவர்கள் ஃபில்டர், குழாய், பிளக்கோடு நிறுத்திக்குங்க. மாற்றின பாகத்தின் பெயர், விலை, எத்தனை மாத உத்தரவாதம் என்று பில்லில் எழுதச் சொல்லுங்க.

படுக்கையில் ஆள் இருக்கிற வீடுகளுக்காக ஒண்ணு சேர்த்துச் சொல்லிடறேன். அடியில் போடுகிற ரப்பர் ஷீட்டை டிரையரில் போடக் கூடாது, ரப்பரும் ஃபோமும் உள்ளே சூடு ஏறினால் ஆபத்து. எண்ணெய் தேய்த்துக் குளித்த துண்டு, அடுப்படியில் எண்ணெய் துடைத்த துணி இவற்றையும் போடாதீங்க. துவைத்தாலும் எண்ணெய் முழுசாகப் போகாது. சூடான துணியை எடுத்துக் குவியலாக வைத்தால், அந்த எண்ணெய் தானாகவே மேலும் சூடேறிப் புகையும் தன்மை உள்ளது. மெஷின் ஓடும்போது எல்லாரும் தூங்கப் போகாதீங்க. புகை வந்தால் கதவைத் திறக்காமல் மெயினை அணைத்து, 101 அல்லது 112.

இனி அந்த 499 ரூபாய். இணையத்தில் தேடிக் கிடைக்கிற வாடிக்கையாளர் சேவை எண்களில் போலிகள் நிறைய. எண்ணை வாரண்டி அட்டை, கையேடு, கம்பெனியின் சொந்தச் செயலி இந்த மூணில் இருந்து மட்டும் எடுங்க. மறுமுனையில் திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொன்னாலோ, ஓ.டி.பி. கேட்டாலோ இணைப்பைத் துண்டிச்சிடுங்க. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930.

சேவையில் குறை, பில் தர மறுப்பு, வாரண்டியில் இருக்கும்போதே பணம் கேட்பது போன்றவற்றுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். 88000 01915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். வாங்கிய பில், வாரண்டி அட்டை, பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் படம் எடுத்து ஒரே ஃபோல்டரில் வைத்துக்குங்க. மெஷினின் வரிசை எண் ஒட்டின ஸ்டிக்கரையும் சேர்த்துப் படம் எடுங்க, நாளாக ஆக அது அழிஞ்சிடும். 1915 என்பது சமரச முயற்சிதான். அதில் தீரவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்க குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி இருக்கிற ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் கைப்பேசியிலிருந்தே பதியலாம். பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் போட்டுவிடணும், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

எங்களிடம் பில் இல்லை, யு.பி.ஐ. ரசீதும், அப்பா அந்த எண்ணை அழைத்த பதிவும் மட்டும்தான் இருந்தது. அதை வைத்தே 1915-இல் புகார் கொடுத்தோம். டாக்கெட் எண் குறுஞ்செய்தியில் வந்தது. டிரையர் இப்போ சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்குது, சாரலுக்கு மேலே ஒரு தார்ப்பாய் கட்டியிருக்கோம். 499 ரூபாய் இன்னும் வரலை. வந்தால் அடுத்த இதழில் சொல்றேன்.